சேறு காப்பாற்றிய முகங்கள்

மே, 1983. இங்கிலாந்தில் மான்செஸ்டருக்குத் தெற்கே, செஷயர் பகுதியில், ‘லிண்டோ மாஸ்’ என்று ஒரு சதுப்பு நிலம். அங்கே மண் தோண்டும் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. தோண்டிய மண் கன்வேயர் பெல்ட்டில் நகர்ந்து வரும். பக்கத்தில் நிற்கும் இரண்டு தொழிலாளிகள் அதிலிருந்து கட்டை, வேர் எல்லாவற்றையும் பொறுக்கி எறிய வேண்டும். போரடிக்கிற வேலை! அன்றைக்கு, காற்றுப்போன பழைய ஃபுட்பால் மாதிரி உருண்டையாக ஏதோ ஒன்று வந்தது. ‘டைனோசர் முட்டையா இருக்குமோ!’ என்று ஜோக் அடித்துக்கொண்டே எடுத்துப் போய், ஹோஸ் பைப்பில் தண்ணீர் அடித்துக் கழுவினார்கள்.

சேறு கரைந்தது. உள்ளே ஒரு மனிதத் தலை. கொஞ்சம் முடி, ஒரு கண்...

ஜோக் அடித்த இரண்டு பேருக்கும் முகம் வெளுத்துப்போனது. போலீஸ் வந்தது. டாக்டர்கள் பார்த்துவிட்டு, ‘பெண்ணின் தலை. வயது முப்பதிலிருந்து ஐம்பதுக்குள் இருக்கும்’ என்றார்கள். அது போதுமே! அந்தச் சதுப்பு நிலத்தை ஒட்டினாற்போல ஒரு வீட்டில் முன்பு குடியிருந்த ஆசாமி மீது போலீஸுக்கு ஏற்கெனவே ஒரு சந்தேகம் இருந்தது. அவருடைய மனைவி காணாமல் போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. துப்பு ஒன்றும் கிடைக்காததால் ஃபைல் தூங்கிக்கொண்டிருந்தது. இப்போது போலீஸார் அவரிடம் போய், ‘உங்கள் பழைய வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தலை கிடைத்திருக்கிறது’ என்றார்கள்.

மனிதர் உடைந்துபோனார். ‘ஆமாம், நான்தான் கொன்றேன். துண்டு துண்டாக வெட்டி, அந்தச் சேற்றில்தான் புதைத்தேன்’ என்று ஒப்புக்கொண்டுவிட்டார்.

கேஸ் முடிந்தது என்றுதான் நீங்களும் நினைப்பீர்கள். போலீஸார் எதற்கும் இருக்கட்டும் என்று தலையை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கு கார்பன் டேட்டிங் சோதனைக்கு அனுப்பிவைத்தார்கள். ரிசல்ட் வந்தது. அந்தப் பெண் இறந்தது ஏறக்குறைய கி.பி. 210-ல்! இங்கிலாந்தில் ரோமானியர்கள் ஆட்சி நடந்துகொண்டிருந்த காலம். ‘ஐயையோ, வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமே’ என்று ஆசாமி வாக்குமூலத்தை வாபஸ் வாங்கப் பார்த்தார். நடக்கவில்லை. டிசம்பர் 1983-ல் ஜூரிகள் ‘குற்றவாளிதான்’ என்று சொல்ல, ஆயுள் தண்டனை! 1,700 வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன யாரோ ஒரு பெண், அவளுக்குத் துளியும் சம்பந்தமில்லாத ஒரு கொலைகாரனைப் பிடித்துக் கொடுத்துவிட்டாள். அவருடைய மனைவியின் உடல்? கிடைக்கவே இல்லை.

இங்கே நியாயமாக ஒரு கேள்வி வரும். 1,700 வருஷத்துத் தலை எங்கே, இருபது வருஷத்துத் தலை எங்கே? பார்த்தால்கூடவா வித்தியாசம் தெரியாது?

தெரியாது! அதுதான் இந்தச் சேற்றின் மாயம்.

நம் ஊர்ச் சதுப்பு என்றால் கொசு, நாற்றம், அழுகல் என்றுதான் ஞாபகம் வரும். வட ஐரோப்பாவில் உள்ள இந்த வகைச் சதுப்பு வேறு ஜாதி. அங்கே ராஜா ‘ஸ்பேக்னம்’ என்கிற பாசி. மழைத் தண்ணீரை மட்டும் நம்பி வாழ்கிற, பஞ்சு மாதிரியான பாசி அது. தன் எடையைப்போல இருபது மடங்கு தண்ணீரைக்கூடப் பிடித்து வைத்துக்கொள்ளும். பழைய பாசி செத்துக் கீழே படிய, அதன் தலைமேலேயே புதுப் பாசி வளரும். கீழே போனது மக்குவதில்லை. வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் வாக்கில் அடுக்கடுக்காக ஏறிக்கொண்டே போகும். இந்தப் பழுப்பு நிற அடுக்குக்குத்தான் ‘பீட்’ என்று பெயர். (நம்ம நீலகிரி உச்சியில்கூட பீட் படிவுகள் உண்டு. ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் அங்கே மழையும் குளிரும் எப்படி இருந்தன என்று கண்டுபிடிக்க விஞ்ஞானிகள் அதைத் தோண்டியிருக்கிறார்கள்.) பீட்டை வெட்டிக் காயவைத்தால் நன்றாக எரியும். மரமும் நிலக்கரியும் கிடைக்காத கிராமங்களில் பல நூற்றாண்டுகளாக அதுதான் அடுப்பெரித்தது. பிணங்கள் வெளியே வந்ததும் அப்படித்தான். விறகுக்காகத் தோண்டப் போய் மனிதனைத் தோண்டி எடுத்தார்கள்!

ஒரு உடல் அழுக என்னென்ன வேண்டும்? பாக்டீரியா வேண்டும். அதற்குப் பிராண வாயு, கொஞ்சம் வெதுவெதுப்பு, சாப்பாடு எல்லாம் வேண்டும். பீட் சேற்றுக்குள் இது எதுவும் சரிவர இல்லை. தேங்கிய தண்ணீரில் பிராண வாயு அநேகமாகக் கிடையாது. குளிர் இருக்கிறது. தவிர, தக்காளிச் சாறு அளவுக்குப் புளிப்பான அமிலம். இது போதாதென்று, ஸ்பேக்னம் பாசியே ‘ஸ்பேக்னான்’ என்கிற சர்க்கரை வகைப் பொருள் ஒன்றைக் கசியவிடுகிறது. டெரன்ஸ் பெயின்டர் என்கிற வேதியியல் நிபுணர் இதை விளக்கினார். அது பாக்டீரியாவுக்குத் தேவையான சத்துகளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பாக்டீரியா விடும் என்ஸைம்களையும் முடக்கிப் போடுகிறது. முதல் உலகப் போரில் பஞ்சுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, காயத்துக்கு இந்தப் பாசியை வைத்துக் கட்டினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

அந்தப் பொருள் இன்னொரு வேலையும் செய்கிறது. மனிதத் தோலைப் பதனிட்டுவிடுகிறது! ஆவாரம்பட்டை ஊறல் போட்டுத் தோலைப் பதப்படுத்துவார்களே, ஏறக்குறைய அதே கதை. அதனால்தான் சதுப்பு மனிதர்கள் எல்லோருமே பளபளவென்று கறுப்பாக, ஷூ தோல் மாதிரி இருக்கிறார்கள். அவர்கள் முடியும் செம்பட்டையாக மாறிவிடுகிறது. உயிரோடு இருக்கும்போது எந்த நிறத்து முடியாக இருந்தாலும் சரி, உள்ளே போனால் செம்பட்டைதான். (இந்த செம்பட்டை மேட்டரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறது.)

வேடிக்கை என்னவென்றால், தோலைக் காப்பாற்றும் அதே அமிலம் எலும்பைக் கரைத்துவிடும். 1900-ல் ஜெர்மனியில் டாமெண்டோர்ஃப் என்ற இடத்தில் கிடைத்த மனிதன், எலும்பு இல்லாமல், மேலே அழுத்திய பீட்டின் கனத்தில் சப்பளிந்து, காலிக் கோணிப்பை மாதிரி கிடந்தான். எலும்பு போய்த் தோல் மட்டும்! சாதாரணக் கல்லறையில் நடப்பதற்கு அப்படியே தலைகீழ். எல்லாச் சதுப்பும் இப்படிக் காப்பாற்றுவதும் இல்லை. அமிலம் குறைந்த, சுண்ணாம்புச் சத்துள்ள சதுப்பில் எலும்பு மட்டும்தான் மிஞ்சும். உடல் உள்ளே போகும்போது தண்ணீர் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும் என்பதும் முக்கியம். கோடையில் போட்டால், அமிலம் வேலையை ஆரம்பிக்கும் முன்பே வயிற்றுக்குள் இருக்கும் பாக்டீரியா முந்திக்கொள்ளும்.

சரி, இந்தச் சேறு தந்ததிலேயே அற்புதமான முகத்தைப் பார்த்துவிடலாமா? டென்மார்க்குக்குப் போக வேண்டும்.

மே, 1950. ஸில்கபோர்க் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம் அடுப்புக்காக பீட் வெட்டிக்கொண்டிருந்தது. இரண்டு சகோதரர்களும் ஒருவருடைய மனைவியும். இரண்டு ஆள் ஆழத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் தோண்டியபோது ஒரு முகம் தெரிந்தது. நேற்று ராத்திரி தூங்கப் போனவன் போல! ஏதோ புதுக் கொலை என்று பயந்துபோய் போலீஸுக்குச் சொன்னார்கள். போலீஸார் வந்து பார்த்து, இது நம் இலாகா இல்லை என்று சந்தேகப்பட்டு, ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் பேராசிரியர் பி.வி.குளோப் என்பவரை அழைத்தார்கள்.

குளோப் பார்த்த காட்சி இது. கருவில் இருக்கும் குழந்தை மாதிரி முழங்காலை மடக்கி, ஒருக்களித்துப் படுத்திருக்கிறான் ஒருவன். தலையில் ஆட்டுத்தோல் குல்லாய், தாடைக்குக் கீழே இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. இடுப்பில் ஒரு தோல் பெல்ட். மற்றபடி உடம்பில் துணி இல்லை. கண்கள் மூடியிருக்கின்றன. நெற்றியில் சுருக்கம், உதட்டோரத்தில் மடிப்பு, முகவாயில் ஷேவ் பண்ணி ஓரிரு நாளான மாதிரி முள்முள்ளாகத் தாடி. அப்படியொரு அமைதி! பிறகு, காதுக்குக் கீழே ஒட்டியிருந்த பீட்டை விலக்கினால்... கழுத்தை இறுக்கிய சுருக்கு. பின்னிய தோல் கயிறு, முதுகுப் பக்கம் பாம்பு மாதிரி நீண்டு கிடந்தது.

டோலண்ட் மனிதன் என்று அவனுக்குப் பெயர் வந்தது. காலம், சுமார் கி.மு. 400. ஏதென்ஸில் சாக்ரடீஸ் விஷக்கோப்பையைக் குடித்ததும் ஏறக்குறைய அப்போதுதான். முப்பது, நாற்பது வயதுக்குள் இருப்பான். சுற்றியிருந்த பீட்டோடு சேர்த்து அப்படியே பெட்டி கட்டி மேலே தூக்கினார்கள். கனமோ கனம். கிரேன் அந்த இடத்துக்கு வர முடியாது. தூக்கியவர்களில் ஒருவர் மாரடைப்பில் இறந்துபோனார். சதுப்பு ஓர் உயிரைக் கொடுத்துவிட்டு இன்னோர் உயிரை வாங்கிக்கொண்டது என்கிற தொனியில் குளோப் பின்னாளில் எழுதினார்.

கோபன்ஹேகனில் டாக்டர்கள் வயிற்றைத் திறந்தார்கள். கடைசிச் சாப்பாடு அப்படியே இருந்தது! பார்லி, ஆளி விதை, காட்டுப் புல் விதைகள் எல்லாம் போட்ட கூழ். 2021-ல் டென்மார்க் ஆய்வாளர்கள் நவீன முறையில் மறுபடி பார்த்தபோது, கூடவே மீனும் சாப்பிட்டிருக்கிறான் என்று தெரிந்தது. கூழ் லேசாக அடிப்பிடித்திருந்தது என்பது வரை கண்டுபிடித்துவிட்டார்கள். குடலில் நாடாப்புழு இருந்தது. சாவதற்குச் சுமார் 12 முதல் 24 மணி நேரத்துக்கு முன்னால் சாப்பிட்ட சாப்பாடு அது. 1954-ல் பி.பி.சி. டெலிவிஷன், அதே ரெசிப்பியில் கூழ் காய்ச்சி, மார்ட்டிமர் வீலர் உள்ளிட்ட இரண்டு பிரபல தொல்லியல் நிபுணர்களைக் குடிக்கவைத்தது. வாயில் வைத்தவர்கள் முகத்தைச் சுளித்து, அது இறங்குவதற்கு பிராந்தி குடிக்க வேண்டியிருந்தது! (வீலரை நமக்குத் தெரியும். புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945-ல் அகழாய்வு செய்தவர்.)

டோலண்ட் மனிதனின் தலையை மட்டும்தான் அன்றைக்கு முறையாகப் பதப்படுத்தினார்கள். அதுவே கொஞ்சம் சுருங்கிப்போனது. உடம்பு காய்ந்து போய்விட்டது. இன்று ஸில்கபோர்க் மியூஸியத்தில் படுத்திருப்பவருக்குத் தலை அசல், மற்றதெல்லாம் பெரும்பாலும் பிற்பாடு செய்து சேர்த்தது. 2,000 வருஷத்துக்கு மேல் சேறு பத்திரமாக வைத்திருந்ததை நாம் சில வருஷத்தில் கோட்டை விட்டோம் என்பது என் வருத்தம்.

எதற்காக அவனைத் தூக்கிலிட்டார்கள்? குற்றவாளி என்றால் பிணத்தை வீசிவிட்டுப் போயிருப்பார்கள். இவனுக்கு யாரோ கண்ணை மூடிவிட்டிருக்கிறார்கள், வாயை மூடிவிட்டிருக்கிறார்கள், தூங்குவது போலப் படுக்க வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அங்கே செத்தவர்களை எரிப்பதுதான் வழக்கம். இவனை எரிக்கவில்லை. ஆகவே கடவுளுக்குக் கொடுத்த பலி என்று பல ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். எனக்கும் அதுதான் பொருத்தமாகப் படுகிறது. முதலில் பார்த்தோமே, அதே லிண்டோ மாஸில் அடுத்த வருஷமே, 1984-ல், ஓர் இளைஞனின் உடல் கிடைத்தது. அவனுக்கு மண்டையில் அடி, கழுத்தில் சுருக்கு, தொண்டையில் வெட்டு! நகமெல்லாம் உழைக்காத கை மாதிரி நேர்த்தியாக இருந்தது. அயர்லாந்தில் 2003-ல் அகப்பட்ட ஓர் ஆள் தலைமுடிக்கு ‘ஜெல்’ போட்டிருந்தான். பிரான்ஸ் அல்லது ஸ்பெயின் பக்கத்து மரப் பிசினில் செய்தது. இவர்கள் ஏழை எளியவர்கள் இல்லை போலிருக்கிறது.

ஆனால், பெயர்? ஒருத்தருக்கும் கிடையாது. சேறு தோலை வைத்திருக்கிறது, தாடியை வைத்திருக்கிறது, கூழை வைத்திருக்கிறது. பெயரை மட்டும் வைத்திருக்கவில்லை. அந்தக் காலி இடத்தில் ஆளாளுக்கு ஒரு பெயரை எழுதியிருக்கிறார்கள். அங்கேதான் விவகாரமே!

1952-ல், டோலண்ட் மனிதன் கிடைத்த இடத்திலிருந்து அதிக தூரமில்லாத கிரவ்பாலே கிராமத்தில் இன்னொருவன் கிடைத்தான். இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை கழுத்து அறுக்கப்பட்டவன். விரல் ரேகை கோடு கோடாகத் தெரிய, போலீஸ் அதைப் பதிவுகூட செய்தது. குளோப், ‘இவன் இரும்புக் காலத்து மனிதன்’ என்றார். அந்த ஊர் மூதாட்டி ஒருத்தி, ‘அதெல்லாம் இல்லை, இவன் செங்கிறிஸ்டியன்! என் சின்ன வயசில் காணாமல் போன பீட் வெட்டுகிறவன். குடித்துவிட்டு விழுந்திருப்பான்’ என்று அடித்துச் சொன்னாள். ‘செங்’ என்ற பட்டப்பெயர் ஏன்? செம்பட்டை முடி! சேற்றுக்குள் போனால் யாருக்குமே முடி செம்பட்டையாகும் என்பது பாட்டிக்குத் தெரியாது. பத்திரிகைகள் பாட்டி பக்கம், பேராசிரியர் பக்கம் என்று பிரிந்து சண்டை போட்டன. கடைசியில் கார்பன் சோதனை பேராசிரியர் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

இதாவது சிரித்துவிட்டுப் போகிற கதை. அதே 1952-ல் ஜெர்மனியின் விண்டபி என்ற இடத்தில் கிடைத்த உடலின் கதை அப்படியில்லை. சுமார் பதினாலு வயதுப் பெண் என்றார்கள். தலையின் ஒரு பக்கம் மொட்டை. கண்ணை மறைத்துத் துணிப்பட்டை. சில மீட்டர் தள்ளி, கழுத்தில் சுருக்கோடு ஓர் ஆண் பிணம். உடனே, கி.பி. 98-ல் ரோமானிய வரலாற்றாசிரியர் டாஸிடஸ் எழுதிய ‘ஜெர்மானியா’ புத்தகத்தைப் புரட்டினார்கள். சோரம் போன மனைவிக்கு ஜெர்மானியர்கள் முடியை வெட்டி ஊருக்குள் விரட்டி அடிப்பார்கள் என்று அதில் இருக்கிறது. போதாதா? ‘கள்ளக்காதல் ஜோடி, தண்டிக்கப்பட்டார்கள்’ என்று முடிவு கட்டியாயிற்று! அயர்லாந்தின் பெரிய கவிஞர் ஸீமஸ் ஹீனிகூட அந்தப் பெண்ணை நினைத்து ‘பனிஷ்மென்ட்’ என்று ஒரு கவிதை எழுதினார்.

பிற்பாடு ஒவ்வொன்றாகக் கழன்றது. பக்கத்தில் கிடந்த ஆண் இறந்தது சுமார் 300 வருஷம் முன்னால். கள்ளக்காதல் எப்படி நடக்கும்? கண்ணைக் கட்டியதாகச் சொன்ன பட்டை, தலைமுடியைக் கட்டும் பட்டை. நழுவி இறங்கியிருக்கிறது. மொட்டை, ஒரு பக்கம் காற்றுப் பட்டு முடி சிதைந்ததாலோ, தோண்டியவர்களின் மண்வெட்டியாலோ வந்திருக்கலாம். கடைசியாக, ஹெதர் கில்-ராபின்ஸன் என்ற ஆய்வாளர் எலும்பைப் பரிசோதித்துச் சொன்னார். அது பெண்ணே இல்லை, பதினாறு வயது வாக்கில் இருந்த ஒரு பையன்! வளரும் வயதில் அடிக்கடி பட்டினியோ நோயோ வந்ததற்கான கோடுகள் எலும்பில் இருந்தன. கொலை செய்யப்பட்டான் என்பதற்கே ஆதாரமில்லை. நோயில் செத்த ஒரு நோஞ்சான் பையனைத்தான் அரை நூற்றாண்டு காலம் ‘நடத்தை கெட்டவள்’ என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

இதைவிடக் கொடுமை இன்னொன்று. அதே டாஸிடஸ், கோழைகளையும் ‘உடம்பால் இழிவு தேடிக்கொண்டவர்களையும்’ ஜெர்மானியர்கள் சேற்றில் அமுக்கிக் கொல்வார்கள் என்று ஒரு வரி எழுதிவைத்திருந்தார். அந்த மனிதர் ஜெர்மனிக்கு நேரில் போனதற்கு ஆதாரமில்லை. எல்லாம் கேள்வி ஞானம். பிப்ரவரி 1937-ல் ஹிட்லரின் வலதுகரமான ஹிம்லர், தன் எஸ்.எஸ். படைத் தளபதிகள் முன்னால் பேசும்போது இதைக் கையில் எடுத்தான். ஓரினச் சேர்க்கையாளர்களை நம் முன்னோர்கள் இப்படித்தான் சதுப்பில் அமுக்கினார்கள், பேராசிரியர்கள் பீட்டிலிருந்து தோண்டி எடுப்பது அவர்களைத்தான் என்றான். அதைத் தண்டனை என்றுகூட அவன் சொல்லவில்லை, வேண்டாத உயிரை அணைத்துவிடுவது என்றான். நாஜி ஆட்சியில் அப்படிப்பட்ட ஆண்கள் ஆயிரக்கணக்கில் வதை முகாம்களுக்குப் போனார்கள். தங்கள் சாவைப் பற்றி ஒரு வார்த்தைகூட சொல்ல முடியாத பிணங்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, உயிரோடு இருப்பவர்களுக்கு எதிராக வாக்குமூலம் வாங்கியிருக்கிறார்கள்!

படித்தவர்களும் சளைத்தவர்கள் இல்லை. ஆல்ஃபிரட் டீக் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் ஆயுள் முழுக்க உட்கார்ந்து 1,800-க்கும் மேற்பட்ட சதுப்புப் பிணங்களின் பட்டியல் போட்டார். உலகமே அதை மேற்கோள் காட்டியது. அவர் காலத்துக்குப் பிறகு சரிபார்க்கப் போனால், அதில் ஏகப்பட்டது சரடு!

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது ராணி கதைதான். 1835-ல் டென்மார்க்கின் ஹரால்ட்ஸ்கேர் பண்ணைக்குப் பக்கத்துச் சதுப்பில் ஒரு பெண்ணின் உடல் கிடைத்தது. கை, காலெல்லாம் மரக் கொக்கிகளால் சேற்றோடு சேர்த்து அடிக்கப்பட்டிருந்தன. பழைய வீரகதை ஒன்றில், நார்வே ராணி குன்ஹில்டை டென்மார்க் மன்னன் ஹரால்டு வஞ்சகமாக வரவழைத்துச் சதுப்பில் மூழ்கடித்தான் என்று வருகிறது. ‘ஆஹா, ராணியேதான்!’ என்றார்கள் அறிஞர்கள். அப்போதைய மன்னர் ஆறாம் ஃபிரெடரிக் காதுக்கு விஷயம் போனது. ராஜ ரத்தமாயிற்றே, சும்மா விடலாமா? அழகான வேலைப்பாடுகளோடு ஒரு சவப்பெட்டி செய்யச் சொல்லி உத்தரவு போட்டார். வைல நகரத்தில் உள்ள ஸெயின்ட் நிக்கோலாய் சர்ச்சில் ராஜ மரியாதையோடு ராணியை வைத்தார்கள்.

1842-ல் வோர்ஸோ என்ற இருபத்தொரு வயது இளைஞர் மட்டும், ‘இவள் ராணி இல்லை, அதற்கெல்லாம் ரொம்ப முந்தின இரும்புக் காலத்துப் பெண்’ என்றார். அரசர் சவப்பெட்டி கொடுத்த பிறகு பேசுகிற பேச்சா அது? பெரியவர்கள் எகிறினார்கள். 1977-ல் கார்பன் சோதனை செய்தார்கள். ராணி குன்ஹில்ட் வாழ்ந்தது கி.பி. 10-ம் நூற்றாண்டு. சவப்பெட்டியில் இருப்பவள் செத்தது சுமார் கி.மு. 490-ல். இளைஞர் சொன்னதுதான் சரி!

அவள் இன்னமும் அந்த சர்ச்சில்தான், கண்ணாடி மூடி போட்ட அதே சவப்பெட்டியில் இருக்கிறாள். ராணி இல்லை என்று ஊருக்கே தெரியும். சவப்பெட்டியை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.